காணிக்கைத் தட்டும் வாக்குப்பெட்டியும்

கப்பர்நாகூமில் கோவில் வரி தண்டுவோர் பேதுருவை அணுகி, அவருடைய போதகர் வரி செலுத்துவது உண்டா என வினவிய நிகழ்ச்சி மத்தேயு நற்செய்தியின் 17ஆம் அதிகாரத்தில் இடம்பெறுகிறது. மன்னர்கள் தம் சொந்தப் பிள்ளைகளிடம் வரி பெறுவதில்லை. எனவே தமக்கு விலக்கு உண்டு என்பதை இயேசு பேதுருவுக்கு உணர்த்துகிறார். ஆயினும் அது பிறருக்கு இடறலாகிவிடலாகாது என்று, மீனின் வாயில் கிடைக்கும் நாணயத்தைக் கொண்டு இருவருக்கும் உரிய வரியைச் செலுத்தச் செய்கிறார். விலக்கு ஓர் உரிமை. அதைவிடச் சாட்சிய வாழ்வு மேலானது. இப்பாடத்தை உரைகல்லாகக் கொண்டு, வரிவிலக்குப் பெறும் ஆலயங்கள் தேர்தல் அரசியல் பேசலாமா என்று அமெரிக்க நாட்டில் எழுந்துள்ள வாதத்தையும், 2025ஆம் ஆண்டில் அதன் பொருட்டு எழுதப்பட்ட ஓர் ஆவணத்தையும் ஆய்ந்து பார்க்க விழைகிறோம்.

இச்சட்டத்தின் பிறப்பே வியப்புக்குரியது. 1954 ஜூலை 2ஆம் நாள், பின்னாளில் குடியரசுத் தலைவரான லிண்டன் ஜான்சன், அன்று செனட் உறுப்பினராக இருந்து வரிச் சட்டத்திற்கு ஒரு திருத்தம் கொண்டுவந்தார். 501(சி)(3) என்னும் பிரிவின்கீழ் வரிவிலக்குப் பெறும் அமைப்புகள் எந்த வேட்பாளருக்காகவும் தேர்தல் பரப்புரையில் ஈடுபடலாகாது என்பது அதன் சாரம். விவாதம் ஏதுமின்றி அது நிறைவேறியது. தம்மை எதிர்த்த சில அரசியல் சார்பு அமைப்புகளையே ஜான்சன் மனத்திற் கொண்டிருந்தார் என்பர். ஆலயங்கள் அவருடைய இலக்காக இருந்ததாகத் தெரியவில்லை. எனினும் ஆலயங்களும் அதே பிரிவின்கீழ் வருவதால், மறையுரை மேடைக்கும் அக்கட்டுப்பாடு வந்து சேர்ந்தது. வேட்பாளருக்கு எதிராகப் பேசுவதும் அதில் அடங்கும் என்று 1987இல் தெளிவுபடுத்தப்பட்டது.

இக்கட்டுப்பாட்டை எதிர்த்து டெக்சாஸ் மாநிலத்தின் இரு திருச்சபைகளும் வேறு இரு சமய அமைப்புகளும் தொடர்ந்த வழக்கில், 2025 ஜூலை 7ஆம் நாள், வழக்குத் தொடுத்தவர்களும் அமெரிக்க வருமான வரித்துறையும் இணைந்து ஒரு மனுவை நீதிமன்றத்தில் அளித்தனர். வழிபாட்டை ஒட்டி, தன் வழக்கமான வழிகளில், ஓர் ஆலயம் தன் இறைமக்களோடு சமய நோக்கில் தேர்தலைப் பற்றிப் பேசுவது பரப்புரை ஆகாது என்று அம்மனு கூறியது. அதற்கு அது காட்டிய ஒப்புமை, குடும்பத்தினர் தமக்குள் வேட்பாளர்களைப் பற்றி உரையாடுவது. வழக்கின் போக்கு இங்கு நம் பொருளன்று; அவ்வொப்புமையே நம் பொருள்.

திருச்சபை ஒரு குடும்பம் என்பது நமக்கும் இனிய உருவகமே. ஆனால் இந்த இடத்தில் அது பொருந்துமா? குடும்பத்தில் தந்தை ஒரு கருத்தைச் சொன்னால், மகன் மறுத்துப் பேசுவான், மகள் நகைப்பாள், தாய் இருவரையும் அடக்குவாள். அங்கு உரையாடல் உண்டு. மறையுரையின்போதோ ஒருவர் பேசுகிறார், மற்றோர் கேட்கின்றனர். நற்செய்தி வாசித்த அதே வாய், அதே திருவுடையில் நின்று ஒரு வேட்பாளரின் பெயரைச் சொல்லும்போது, கேட்பவர் அதனை ஒரு தனிமனிதரின் கருத்தாக எடுத்துக்கொள்வது எளிதன்று. மறுப்பவர் கட்சியை மறுக்கிறாரா, கடவுளின் வார்த்தையை மறுக்கிறாரா என்ற குழப்பம் அவர் மனச்சான்றில் எழும். மனச்சான்றை உருவாக்க வேண்டிய இடம் அதன்மீது பாரம் ஏற்றும் இடமாக மாறலாமா?

ஒப்புமையின் இன்னொரு குறை பணம் பற்றியது. எந்தக் குடும்பமும் நன்கொடை திரட்டி, கொடுத்தவருக்கு வரிச் சலுகை பெற்றுத் தருவதில்லை. அமெரிக்காவில் ஆலயத்திற்குக் காணிக்கை அளிப்பவர், அத்தொகையைத் தம் வருமானத்திலிருந்து கழித்துக் கணக்கிடலாம். அறக்கொடைகளுக்கான இச்சலுகை 1917ஆம் ஆண்டு முதல் உண்டு. அரசியல் கட்சிக்குக் கொடுத்தால் அச்சலுகை இல்லை. மேலும், பிற அறநிறுவனங்களைப் போல் ஆண்டுக் கணக்கறிக்கை அளிக்கும் கடமை ஆலயங்களுக்கு இல்லை. இவ்விரண்டையும் சேர்த்து நோக்குவோர்க்கு ஆபத்து விளங்கும். ஆலயம் வேட்பாளரை ஆதரிக்கலாம் என்றானால், கட்சிக்குச் செல்ல வேண்டிய பணம் சலுகையோடும் மறைவாகவும் காணிக்கைத் தட்டில் வந்து விழும். பின்னர் அத்தட்டை யார் ஏந்துகிறார் என்பதைக் கட்சியே முடிவு செய்யும்.

இது வெறும் கற்பனையன்று. 1992ஆம் ஆண்டுத் தேர்தலுக்கு நான்கு நாள்களுக்கு முன், நியூயார்க் மாநிலத்தின் பிங்காம்டன் பகுதியைச் சார்ந்த பியர்ஸ் கிரீக் திருச்சபை, பில் கிளிண்டனுக்கு வாக்களிப்பதை எதிர்த்து இரு நாளிதழ்களில் முழுப்பக்க விளம்பரம் வெளியிட்டது. விளம்பரச் செலவுக்கு வரிச் சலுகையுள்ள நன்கொடைகள் ஏற்கப்படும் என்ற குறிப்பும் அதில் இருந்தது. 1995இல் வரித்துறை அதன் விலக்கை நீக்கியது. 2000ஆம் ஆண்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதனை உறுதி செய்தது.

ஆயினும் மறுதரப்பின் முறையீட்டை எளிதாகத் தள்ளிவிட இயலாது. 2004ஆம் ஆண்டுத் தேர்தலுக்கு முந்திய ஞாயிறன்று, கலிபோர்னியாவின் பசடேனா நகரில் உள்ள ஆங்கிலிக்கன் மரபைச் சார்ந்த அனைத்துப் புனிதர் ஆலயத்தில், அதன் முன்னாள் பங்குக்குரு ஜார்ஜ் ரீகஸ் மறையுரை ஆற்றினார். இரு வேட்பாளர்களோடும் இயேசு வாதிடுவதாகக் கற்பனை செய்து, ஈராக் போரைக் கடுமையாகச் சாடினார். யாருக்கு வாக்களிக்க வேண்டும் என்று சொல்லப்போவதில்லை என்றும் கூறியிருந்தார். எனினும் வரித்துறை விசாரணை தொடங்கி, சட்டம் மீறப்பட்டது என்று முடிவுகட்டி, தண்டனை ஏதுமின்றி 2007இல் அதனை முடித்தது. அரசு அலுவலர் மறையுரையைச் சொல் சொல்லாக எடைபோடும் நிலை எந்த நம்பிக்கையாளருக்கும் கசப்பானதே. பெத்தேலின் குரு அமட்சியா, அது அரசரின் திருத்தலம், அங்கே இறைவாக்கு உரைக்காதே என்று ஆமோசை விரட்டியதை நாம் அறிவோம். அரசின் சலுகையில் வாழும் ஆலயம் மெல்ல மெல்ல அரசரின் திருத்தலமாகிவிடும் என்ற அச்சம் நியாயமானது.

ஆனால் இந்த அச்சத்திற்கு மருந்து வேட்பாளரின் பெயரைச் சொல்லும் உரிமையா? நாம் அவ்வாறு கருதவில்லை. போர், வறுமை, இனவெறி, கருவிலுள்ள உயிர், அகதிகள் ஆகிய எதைப் பற்றியும் பேச இச்சட்டம் என்றும் தடை விதித்ததில்லை. நியூ ஆர்லியன்ஸ் பேராயர் ஜோசப் ரம்மல், நிறவெறிப் பிரிவினை பாவம் என்று 1956இல் சுற்றுமடல் எழுதினார். 1962இல் கத்தோலிக்கப் பள்ளிகளில் எல்லாச் சிறுவர்களையும் ஒன்றாகச் சேர்க்க ஆணையிட்டு, அதனை எதிர்த்துக் கிளர்ச்சி செய்த மூவரைத் திருச்சபையினின்று விலக்கினார். அவர்களுள் அரசியல் செல்வாக்கு மிக்க ஒருவரும் உண்டு. இச்சட்டம் நடைமுறையில் இருந்த காலத்திலேயே இது நிகழ்ந்தது. பேராயர் யாருக்கும் வாக்குக் கேட்கவில்லை. நாத்தானும் தாவீதின் குற்றத்தை அவர் முகத்திற்கு நேரே சொன்னபோது, வேறொருவரை அரியணைக்கு முன்மொழியவில்லை. இறைவாக்கினர் ஆட்சியாளரைத் தீர்ப்பின்முன் நிறுத்துபவர். பரப்புரையாளரோ ஒருவரைத் தீர்ப்புக்கு அப்பாற்பட்டவராக்குபவர். இவ்வேறுபாட்டை உணராத விடுதலை நமக்கு எதற்கு?

மற்றொன்றையும் சொல்ல வேண்டும். விலக்கு பறிபோகும் என்று சாக்குச் சொல்லி, பேச வேண்டிய நேரத்தில் வாய்மூடி இருக்கும் குருக்களும் உண்டு. இரண்டாம் வத்திக்கான் சங்கம், 1965இல் வெளியிட்ட ‘இன்றைய உலகில் திருச்சபை’ என்னும் ஏட்டின் 76ஆம் எண்ணில், மனித உரிமைகள் கோரும்போது அரசியல் பற்றியும் அறநெறித் தீர்ப்பு வழங்கும் உரிமை திருச்சபைக்கு உண்டு என்கிறது. அதே எண்ணில், அரசு தரும் சலுகைகளில் திருச்சபை நம்பிக்கை வைப்பதில்லை என்றும், முறையாகப் பெற்ற உரிமைகளும் தன் சாட்சியத்தின் நேர்மையை ஐயத்திற்கு உள்ளாக்குமாயின் அவற்றைத் துறக்கவும் தயங்காது என்றும் கற்பிக்கிறது. பேசத்தான் வேண்டுமாயின் பேசி, வரியையும் கட்டிவிடு என்பதே இதன் பொருள். மாசசூசெட்ஸ் மாநிலத்திலிருந்து பத்தாண்டுகள் காங்கிரஸ் உறுப்பினராக இருந்த இயேசு சபைக் குரு ராபர்ட் டிரைனன், திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுலின் பணிப்புக்கு இணங்கி 1980ஆம் ஆண்டுத் தேர்தலில் போட்டியிடாது விலகினார். அவரை விலக்கியது வரிச் சட்டமன்று. குருத்துவம் பற்றிய திருச்சபையின் தெளிவு. 2025ஆம் ஆண்டு மனுவை அடுத்து, அமெரிக்க ஆயர் பேரவையும் வேட்பாளரை ஆதரிப்பதோ எதிர்ப்பதோ இல்லை என்ற தன் நிலை மாறவில்லை என அறிவித்தது. சட்டம் தளர்ந்தாலும் தளராத காரணம் ஒன்று தனக்கு உண்டு என்பதை அது காட்டியது.

தேர்தல் நாள்களில் நம் பங்கு இல்லத்தின் கதவும் தட்டப்படுவதுண்டு. “ஞாயிறு பூசையில ஒரு வார்த்தை சொல்லுங்க சாமி” என்று கைகூப்புவோரை அன்போடு அனுப்பிவைத்திருக்கிறோம். நம்மைத் தடுப்பது வரிச் சட்டமன்று. மறையுரை முடிந்து சிறிது நேரத்தில், எதிரெதிர்க் கட்சிகளைச் சார்ந்த இருவர் ஒருவர் பின் ஒருவராக வந்து நம் கையிலிருந்து ஒரே நற்கருணையைப் பெறுகின்றனர். அவர்களுள் ஒருவரை வரிசையிலிருந்து விலகச் செய்யும் சொல், வரிவிலக்கு இருந்தாலும் இல்லாவிட்டாலும், பீடத்திற்கு உரியதன்று. பேச வேண்டிய நீதியைப் பேசிவிட்டு, கேட்கப்பட்டால் மீனின் வாயிலிருந்த நாணயத்தையும் கொடுத்துவிடுவோம். அத்தகைய திருச்சபையை விலைக்கு வாங்கவும் இயலாது, வாயடைக்கவும் இயலாது.