மொத்தம் மூன்று

நர்ஸுக்கு எதற்கு இவ்வளவு அனாட்டமியும் பிசியாலஜியும் என்ற கேள்வி பழையது. இப்போது அதற்குப் புதிய வக்கீல் கிடைத்திருக்கிறது: ஆபத்தை எண்ணாகவே காட்டும் சார்ட் இருக்கும்போது பிசியாலஜியைத் தலையில் சுமப்பானேன் என்கிறார்கள். பிரிட்டனின் ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் 2012-ல் கொண்டுவந்து 2017-ல் திருத்திய ‘நியூஸ்’ முறைதான், அதாவது பல்ஸ், பி.பி., மூச்சு போன்றவற்றுக்கு மதிப்பெண் போட்டுக் கூட்டும் சார்ட்தான், இந்த வாதத்துக்கு முட்டு.

முறை நல்ல முறை. நள்ளிரவில் டாக்டரை எழுப்பத் தயங்கும் புது நர்ஸுக்கு அது தைரியம் தருகிறது. மணிக்கட்டு எலும்பு எட்டின் பெயரும் மறந்துபோனதால் யார் உயிரும் போகாது என்பதும் சரி. என் வழக்கு வேறு.

வயிற்றில் அறுவை முடிந்து வார்டுக்கு வந்த ஒருவர். இரவு இரண்டு மணி. பல்ஸ் 112, பி.பி. 104/84, மூச்சு 20, ஆக்சிஜன் 97. காய்ச்சல் இல்லை, தெளிவாகப் பேசுகிறார். பல்ஸுக்கு 2, பி.பி.க்கு 1, மொத்தம் 3. குறைந்த அபாயம், நாலிலிருந்து ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும் என்கிறது சார்ட். மேற்கொண்டு என்ன செய்வதென்று நர்ஸ் தீர்மானிக்கலாம் என்றும் அதே சார்ட் சொல்கிறது. எதை வைத்துத் தீர்மானிப்பார்?

உள்ளே ரத்தம் கசிகிறவரின் உடம்பு இப்படித்தான் சமாளிக்கும். ரத்தக் குழாய்கள் சுருங்கி பி.பி.யின் மேல் எண்ணை விழாமல் தாங்கும். கீழ் எண் ஏறும். நடுவில் உள்ள இடைவெளி குறுகும். இந்தக் கீழ் எண்ணுக்குச் சார்ட்டில் மதிப்பெண்ணே கிடையாது. இதே ஆள் பல்ஸை மட்டுப்படுத்தும் அட்டினலால் மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் பல்ஸ் 84-லேயே நிற்கலாம். மொத்தம் 1. கசிவு என்னவோ அதேதான்.

அந்த 20-ஐயும் கொஞ்சம் பாருங்கள். நம் வார்டுகளில் கேஸ் ஷீட்டைப் புரட்டினால் மூச்சு எல்லாருக்கும் 20; தப்பினால் 18. ஆள் பற்றாக்குறை என்பார்கள். உண்மைதான், ஆனால் பி.பி. பார்க்க மட்டும் எப்படியோ நேரம் கிடைத்துவிடுகிறது. திசுக்களுக்கு ரத்தம் போதாமல் அமிலம் சேரும்போது, அதை ஈடுகட்டக் கரியமில வாயுவை வெளியே தள்ளத்தான் மூச்சு வேகமெடுக்கிறது, பல நேரம் பி.பி. விழுவதற்கு முன்பே. இது புரிந்தவர் எண்ணாமல் எழுத மாட்டார். முழு நிமிடம் எண்ணி 26 என்று எழுதியிருந்தால் அதற்கே 3, மொத்தம் 6, டாக்டரை அவசரமாகக் கூப்பிட வேண்டிய நிலை. பிசியாலஜி வேண்டாம் என்பவர்களின் சார்ட்டும் பிசியாலஜி தெரிந்த கையைத்தான் நம்பியிருக்கிறது.

படித்தது வார்டில் உதவவில்லை என்று சீனியர்கள் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2021-ல் பி.எஸ்சி. நர்சிங்கை செமஸ்டர் முறைக்கு மாற்றிய இந்திய நர்சிங் கவுன்சில், அனாட்டமி, பிசியாலஜி இரண்டையும் ‘அப்ளைடு’ என்ற அடைமொழியோடு முதல் செமஸ்டரில் வைத்தது. பெரியவர்களுக்கான மருத்துவ, அறுவைப் பாடம் வருவதோ மூன்றாவதில். அப்ளை செய்ய நோயாளி வருவதற்குள் பரீட்சையே முடிந்துவிடுகிறது. அதற்காகப் பாடத்தை வெட்டச் சொல்வது என்ன நியாயம்? மூன்றாம் செமஸ்டரில் கேஸ் ஷீட்டுகளைக் கையில் கொடுத்து பிசியாலஜியை மறுபடி நடத்தட்டும்; நடத்துகிறவர் நைட் டியூட்டி பார்த்தவராகவும் இருக்கட்டும்.