அச்சத்தின் பிள்ளை: ‘இட்ஸ் எ ஸ்மால் வேர்ல்ட்’ படகுப் பயணத்தில் போரும் அமைதியும்

முன்னுரை

இலக்கியப் பனுவல்களுக்குரிய வாசிப்பு நெறிகளைத் திரைப்படம், விளம்பரம், நினைவுச்சின்னம் முதலிய பண்பாட்டு ஆக்கங்களுக்கும் பொருத்திப் பார்ப்பது இன்று தமிழாய்வில் ஏற்புடைய முறையாகியுள்ளது. எனினும் கேளிக்கைப் பூங்காக்கள் இப்பார்வைக்குள் அரிதாகவே வந்துள்ளன. அவை சிறுவர் பொழுதுபோக்கு என்று ஒதுக்கப்படுவதே இதற்குக் காரணம் எனலாம். ஆனால் ஒரு காலம் வெளிப்படையாகப் பேசத் தயங்குவதை அதன் பொழுதுபோக்கு பேசிவிடுவதுண்டு. அவ்வகையில் 1964ஆம் ஆண்டு நியூயார்க் உலகக் கண்காட்சிக்காக வால்ட் டிஸ்னி நிறுவனம் உருவாக்கிய ‘இட்ஸ் எ ஸ்மால் வேர்ல்ட்’ என்னும் படகுப் பயணத்தை ஒரு பனுவலாகக் கொண்டு, அதில் போர் பற்றிய அச்சமும் அமைதி பற்றிய வேட்கையும் இடம்பெறும் முறையை இக்கட்டுரை ஆராய்கிறது. இப்பயணத்தினுள் அமைதி பற்றிய இருவேறு கருத்துகள் உள்ளன என்பதும், அவை தம்முள் முரண்படுகின்றன என்பதும் இக்கட்டுரை நிறுவ முயலும் கருத்துகளாகும்.

குழந்தையும் அணுவாயுத அச்சமும்

1962 அக்டோபர் 16 முதல் 28 வரையிலான 13 நாட்கள் கியூபாவில் நிறுவப்பட்ட சோவியத் ஏவுகணைகளை முன்னிட்டு அமெரிக்காவும் சோவியத் யூனியனும் அணுவாயுதப் போரின் விளிம்பில் நின்றன. அதே அக்டோபர் 20ஆம் நாள் இமய எல்லையில் இந்திய - சீனப் போர் மூண்டதை இந்திய வாசகர் நினைவிற்கொள்வர். உலகின் இரு மூலைகளில் ஒரே வாரத்தில் போர் மேகம் சூழ்ந்த காலம் அது.

இக்காலத்து அமெரிக்க அச்சத்தின் மையத்தில் இருந்தது குழந்தை. அணுகுண்டு வீழ்ந்தால் மேசைக்கடியில் பதுங்கிக் கொள்ளும் பயிற்சி 1950களிலேயே பள்ளிகளில் அளிக்கப்பட்டது. அணுவெடிப்புச் சோதனைகளால் காற்றில் கலந்த ஸ்ட்ரான்சியம்-90 என்னும் கதிரியக்கப் பொருள் பால் வழியே குழந்தைகளின் எலும்பில் படிகிறதா என்பதை அறியச் செயின்ட் லூயிஸ் நகரில் விழுந்த பால்பற்களைத் திரட்டி ஆராய்ந்தனர். தொடங்காத ஒரு போர் குழந்தையின் பல்லுக்குள் ஏற்கனவே நுழைந்துவிட்டது என்பதே அவ்வாய்வு தந்த அதிர்ச்சி. 1963 ஆகஸ்டில் மாஸ்கோவில் கையெழுத்தான பகுதி அணுச்சோதனைத் தடை ஒப்பந்தத்திற்குப் பின்னணியாக அமைந்த காரணங்களுள் இவ்வச்சமும் ஒன்று.

அச்சம் பிறக்கும் களன்களாக அணங்கு, விலங்கு, கள்வர், இறை என்னும் நான்கினைத் தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் வகுத்துள்ளார். அணுவாயுத அச்சத்தை இவற்றுள் ஒன்றில் அடக்க வேண்டுமாயின் இறுதியாகச் சொல்லப்பட்ட இறையச்சமே, அதாவது ஆள்வோர்பால் தோன்றும் அச்சமே, நெருங்கி வரும். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. இங்கு அஞ்சுவோர் எப்பிழையும் செய்யாதவர். முடிவெடுப்போர் கண்ணுக்கெட்டாத அறைகளில் இருப்பவர். பிழையற்றவருள் பிழையற்றவராகிய குழந்தை இவ்வச்சத்தின் குறியீடானது இயல்பே. குழந்தைகளை மட்டுமே மாந்தராகக் கொண்ட ஒரு பயணம் 1963இல் திட்டமிடப்பட்டதை இப்பின்புலத்திலேயே காணவேண்டும்.

படைத்தோரும் போரும்

1964 ஏப்ரல் 22 அன்று தொடங்கிய அக்கண்காட்சியின் முழக்கம் ‘புரிந்துணர்வின் வழியே அமைதி’ என்பதாகும். அங்குப் பெப்சி-கோலா நிறுவனம் ஐக்கிய நாடுகள் குழந்தைகள் நிதியமாகிய யுனிசெஃப்புக்கு அணி சேர்க்கும் அரங்கம் ஒன்றை அமைக்க விரும்பியது. அதன் இயக்குநர் குழுவில் இருந்த நடிகை ஜோன் கிராஃபோர்ட் டிஸ்னியை நாடுமாறு வற்புறுத்தினார் என்பர். ஓராண்டிற்கும் குறைவான காலத்தில் பயணம் உருவாக்கப்பட்டது. யுனிசெஃப் 1946 டிசம்பரில், இரண்டாம் உலகப்போரால் சிதைந்த நாடுகளின் குழந்தைகளைக் காக்கும் அவசர நிதியாகத் தோன்றியது என்பது இங்கு நினைக்கத்தக்கது. ஆகவே பயணத்தின் பெயரளவிலான தலைவியே போரின் பிள்ளைதான்.

படைத்தோர் வாழ்விலும் போர் ஊடுருவியிருந்தது. வால்ட் டிஸ்னி முதலாம் உலகப்போரின் இறுதியில் வயதைக் கூட்டிச் சொல்லிச் செஞ்சிலுவை வண்டியோட்டியாகச் சேர்ந்து, போர் ஓய்ந்த பின் பிரான்சைச் சென்றடைந்தவர். இரண்டாம் உலகப்போரில் அவருடைய படப்பிடிப்பகம் படைகளுக்கான பயிற்சிப் படங்களையும் பரப்புரைப் படங்களையும் உருவாக்கியது. பயணத்தின் வண்ணத்தையும் தோற்றத்தையும் வகுத்த ஓவியர் மேரி பிளேர், 1941இல் டிஸ்னி குழுவினருடன் தென்னமெரிக்காவிற்குச் சென்றவர். அச்சுநாடுகளின் செல்வாக்கு அங்குப் பரவாதிருக்க அமெரிக்க அரசு ஊக்குவித்த நல்லெண்ணப் பயணம் அது. அதன் பிறகே அவருடைய ஓவியத்தில் தட்டையான வடிவங்களும் அடர்வண்ணங்களும் மிகுந்தன. பிற நாட்டு மக்களை வண்ணமும் ஆடையுமாக எளிமைப்படுத்திக் காட்டும் அவரது பாணி, போர்க்கால நல்லெண்ண அரசியலின் மடியில் வளர்ந்தது என்று கூறுவது மிகையன்று.

பாடலை இயற்றிய ராபர்ட் ஷெர்மன், ரிச்சர்ட் ஷெர்மன் சகோதரருள் மூத்தவரான ராபர்ட் ஐரோப்பியப் போர்க்களத்தில் 1945இல் முழங்காலில் குண்டடி பட்டு, வாழ்நாள் முழுதும் கைத்தடியுடன் நடந்தவர். கியூபா நெருக்கடிக்குப் பிந்தைய மனநிலையில் பிறந்த அப்பாடலை அமைதிக்கான வேண்டுதல் என்றே அச்சகோதரர் பிற்காலத்தில் விளக்கினர்.

நீக்கத்தின் கலை

பயணி ஒரு தட்டையான படகில் அமர்கிறார். படகு மெல்ல மிதந்து ஒவ்வொரு நிலப்பகுதியாகக் கடக்கிறது. நூற்றுக்கணக்கான பொம்மைக் குழந்தைகள் இருபுறமும் ஆடிப் பாடுகின்றன. காட்டப்படுவனவற்றைக் காட்டிலும் நீக்கப்பட்டவை இங்குக் கூர்ந்து நோக்கத்தக்கன.

முதலாவது, பெரியோர் நீக்கப்பட்டுள்ளனர். தந்தையில்லை, ஆசிரியரில்லை, அமைச்சரில்லை. அரண்மனைக் காவலரின் சீருடைகூட ஒரு குழந்தையின் அணிகலனாகவே இடம்பெறுகிறது. இரண்டாவது, எல்லைகள் நீக்கப்பட்டுள்ளன. ஒரு நாடு முடிந்து மற்றொன்று தொடங்கும் இடத்தில் சாவடியோ வேலியோ இல்லை, நீரே வழியாகிறது. மூன்றாவது, வரலாறு நீக்கப்பட்டுள்ளது. இந்தியாவிற்குத் தாஜ்மகால் என்பது போல ஒவ்வொரு நாடும் தன் பழைய அடையாளம் ஒன்றினுள் உறைந்து நிற்கிறது. நான்காவது, முக வேறுபாடு நீக்கப்பட்டுள்ளது. எல்லாப் பொம்மைகளுக்கும் ஏறத்தாழ ஒரே முக அச்சு. தோலின் நிறமும் முடியும் ஆடையுமே மாறுகின்றன.

போரை விளைவிப்பன என்று கருதப்பட்ட ஆள்வோர், எல்லை, பகைமை நினைவு, இன வேறுபாடு ஆகியவற்றை ஒவ்வொன்றாகக் கழித்து எஞ்சியதே இவ்வுலகம் என்பது இதனால் புலப்படும். போர் எங்கும் காட்டப்படவில்லை; ஆயினும் காட்டப்பட்ட ஒவ்வொன்றையும் போரே தேர்ந்தெடுத்துள்ளது. மேற்பரப்பில் உவகை தவழ, அதன் உள்ளுறையாக நிற்பது அச்சமே.

ஒரே முக அச்சினைக் குறையென்று மட்டும் தள்ளுதல் பொருந்தாது. அமெரிக்கத் தென்மாநிலங்களில் உணவகத்திலும் விடுதியிலும் நிறவெறி நிலவிய நாளில், அதற்கு எதிரான குடியுரிமைச் சட்டம் 1964 ஜூலை 2இல் கையெழுத்தாவதற்கு முன்பே, பல நிறத்துக் குழந்தைகள் ஒரே முகத்துடன் ஒரே மேடையில் நின்றனர். அவ்வளவில் அது ஒரு துணிவு.

இரு மெட்டுகள்

தொடக்கத்தில் ஒவ்வொரு நாட்டின் தேசியப் பண்ணையும் அக்காட்சியில் ஒலிக்கச் செய்வதே திட்டமாக இருந்தது. அவை ஒன்றோடொன்று மோதிப் பேரிரைச்சலாயின. உலக நாடுகளின் நிலையை இதைவிடத் தெளிவாக எடுத்துரைக்கும் உவமை வேறில்லை. எனவே எல்லா மொழிகளிலும் பாடத்தக்க ஒரே பாடல் வேண்டுமெனச் ஷெர்மன் சகோதரரிடம் கேட்கப்பட்டது. மெதுவான நடையில் அவர்கள் அமைத்த மெட்டு, டிஸ்னியின் விருப்பத்திற்கேற்ப விரைவு நடைக்கு மாற்றப்பட்டது. வேண்டுதலாகப் பிறந்தது கொண்டாட்டமாக உருமாறிய இடம் இதுவே.

இப்பாடலின் கட்டமைப்பு கவனத்திற்குரியது. சரணத்தின் மெட்டும் பல்லவியின் மெட்டும் வெவ்வேறானவை. ஆயினும் இரண்டையும் ஒரே வேளையில் பாடினால் அவை இயைந்து ஒலிக்கும். மேலையிசையில் கவுண்டர்பாயிண்ட் என வழங்கும் உத்தி இது. ஓர் அறையில் சரணமும் அடுத்த அறையில் பல்லவியும் ஒலித்தாலும், கடந்துசெல்லும் பயணியின் செவியில் மோதல் எழுவதில்லை. தேசியப் பண்களின் இரைச்சலுக்குக் கண்ட தீர்வு ஒரு குரலை அடக்குவதன்று. தம்முள் வேறுபட்ட இரு குரல்கள் ஒன்றற்கொன்று இடம்விடுவதாகும். மேலும், அச்சம், கண்ணீர் ஆகியவற்றை வெளிப்படையாகக் குறிப்பிடுவதும் முழுப் பயணத்தில் இப்பாடல் மட்டுமே. காட்சி மறைத்ததைப் பாடல் மறைக்கவில்லை.

வெள்ளை அறை

பயணத்தின் இறுதியில் எல்லா நாட்டுக் குழந்தைகளும் ஒரே அறையில் கூடுகின்றனர். அவர்தம் ஆடைகள் வெண்மையாகின்றன. வடிவம் எஞ்ச, வண்ணம் நீங்குகிறது. கலிபோர்னியாவில் உள்ள பயணத்தில், முன்னைய அறைகளில் பல மொழிகளில் ஒலித்த பாடல் இங்கு ஆங்கிலத்தில் ஒலிக்கிறது. வெண்மை எல்லா வண்ணங்களின் தொகுதி என்று இதற்கு விளக்கம் கூற இயலும். ஒளியைப் பொறுத்தவரை அது உண்மையே. ஆனால் மொழியைப் பொறுத்தவரை அவ்விளக்கம் செல்லாது. ஆங்கிலம் எல்லா மொழிகளின் தொகுதியன்று. அது அவற்றுள் ஒன்று.

இங்கேதான் பயணத்தின் உள்முரண் வெளிப்படுகிறது. பாடல் காட்டும் அமைதியில் வேறுபாடு நிலைத்து இயைகிறது. இறுதி அறை காட்டும் அமைதியில் வேறுபாடு கரைந்து மறைகிறது. முன்னது கேட்போரிடம் ஒரு திறனை எதிர்பார்க்கிறது. பின்னது எதையும் எதிர்பார்க்கவில்லை. பல மொழி பேசும் இந்தியச் சூழலில், ஒருமைப்பாடு பற்றிய விவாதங்களில் இவ்விரு கருத்துகளும் ஒன்றென மயங்கப்படுவதை நாம் அறிவோம். இரண்டையும் பிரித்தறிய இப்பயணம் ஒரு நல்ல சான்று.

அரங்கிற்கு வெளியே

கண்காட்சி தன் முழக்கத்தைத் தானே பொய்யாக்கிய இடங்கள் பல. சோவியத் யூனியன் அதில் பங்கேற்கவில்லை. தொடக்க நாளிலேயே நிறவெறிக்கு எதிரான போராட்டங்கள் நடந்தன. ஜோர்டான் அரங்கில் இடம்பெற்ற பாலத்தீன அகதிகள் பற்றிய சுவரோவியம் கடும் பூசலைக் கிளப்பியது. இவற்றுக்கு முன்பே, 1959 செப்டம்பரில் அமெரிக்கா வந்த சோவியத் தலைவர் குருஷேவ் கலிபோர்னியாவின் டிஸ்னிலாந்தைக் காண விரும்பியபோது, பாதுகாப்பைக் காரணம் காட்டி அவ்வருகை மறுக்கப்பட்டது. பகைவரின் தலைவர் நுழைய இயலாத பூங்காவிலேயே பகையற்ற உலகம் பின்னர் நிலைகொண்டது.

1966 மே 28 அன்று டிஸ்னிலாந்தில் இப்பயணம் திறக்கப்பட்டபோது, உலகின் பல நீர்நிலைகளிலிருந்து கொணர்ந்த நீரைக் குழந்தைகள் படகுப் பாதையில் ஊற்றினர். அந்நாளில் அமெரிக்கப் படைகள் வியட்நாமில் போரிட்டுக் கொண்டிருந்தன. இதனைப் போலித்தனம் என்று கடந்துவிடலாம். ஆனால் வேண்டுதல் என்பது நிறைவேறாத இடத்தில்தான் எழுகிறது என்பதையும் எண்ணிப் பார்க்கவேண்டும். யுனிசெஃப் 1965இல் நோபல் அமைதிப் பரிசு பெற்றதும் அப்போருக்கு இடையேதான்.

பின்னர் இப்பயணம் புளோரிடாவிலும் (1971), தோக்கியோ (1983), பாரிஸ் (1992), ஹாங்காங் (2008) ஆகிய பூங்காக்களிலும் அமைக்கப்பட்டது. 2009இல் கலிபோர்னியப் பயணத்தில் டிஸ்னி திரைப்படக் கதைமாந்தரும், அமெரிக்காவிற்கெனத் தனிக் காட்சியும் சேர்க்கப்பட்டபோது மேரி பிளேரின் குடும்பத்தார் உள்ளிட்டோர் எதிர்த்தனர். அவ்வெதிர்ப்பு நியாயமானதே. பெயரற்ற குழந்தைகளின் உலகில் வணிகப் பெயர்கள் நுழைந்தால் வேண்டுதல் விளம்பரமாகிவிடும். மாறாக, 2022இல் சக்கர நாற்காலியில் அமர்ந்த பொம்மைகள் சேர்க்கப்பட்டமை மூலக் கருத்தை விரிவாக்குகிறது. பொம்மைகளுக்கிடையே ஓர் உண்மையான வேறுபாடு முதன்முறையாக உடலளவில் ஏற்கப்பட்டுள்ளது.

முடிவுரை

‘இட்ஸ் எ ஸ்மால் வேர்ல்ட்’ அமைதியைப் பற்றிய வாதமன்று. அணுவாயுத அச்சத்தில் பிறந்த வேண்டுதல். அதன் காட்சி, போருக்குக் காரணமானவற்றை நீக்கி அமைதியைக் கற்பனை செய்கிறது. அதன் இசை, வேறுபட்டவற்றை இயைத்து அமைதியைக் கற்பனை செய்கிறது. இனிப்புப் பண்டம் போன்ற அதன் தோற்றத்தைக் கண்டு எள்ளிய திறனாய்வு இவ்விரண்டாவது கூற்றைப் போதிய அளவு செவிமடுக்கவில்லை. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2022இல் தேசிய ஒலிப்பதிவுத் தொகுப்பில் இப்பாடலைச் சேர்த்தது. பயணத்தின் நிலைத்த பகுதி அதன் வெள்ளை அறையன்று, அதற்கு முன் செவியில் விழுந்த இரு மெட்டுகளின் இயைபே என்பது இவ்வாய்வால் தெளியப்படும். அச்சமின்றி வாழ்வதற்கு அனைவரும் ஒரே முகம் பெறவேண்டியதில்லை. ஒருவர் பாடும்போது மற்றவர் மெட்டும் கெடாதிருந்தால் போதும்.