‘குழந்தை’ என்னும் சொல்லும் ஒரு தீர்ப்பும்

சொற்களின் பொருள் காலத்தோடு மாறும் என்பது இலக்கியம் பயில்வோர் முதலில் அறியும் பாடமாகும். பழைய அகராதி தந்த பொருளைப் புதிய வாழ்வின்மேல் அப்படியே ஏற்றி உரை காண்பவன் பிழைபட்ட உரையையே காண்பான். வகுப்பறையில் அப்பிழையால் மாணவன் சில புள்ளிகளை இழப்பான். நீதிமன்றத்தில் அது நிகழுமாயின் மனிதர் வாழ்வே இடருறும். அமெரிக்க ஐக்கிய நாட்டின் அலபாமா மாநில உச்ச நீதிமன்றம் 2024ஆம் ஆண்டு பெப்ருவரி 16ஆம் திகதி வழங்கிய தீர்ப்பு இதற்குத் தக்க சான்று. அதனை ஒரு நூலாகவே கொண்டு நாம் இங்கு நோக்குவோம்.

வழக்கின் வரலாறு சுருக்கமானது. 2020 டிசம்பரில் மோபீல் நகர வைத்தியசாலை ஒன்றில் நோயாளி ஒருவர், முளையங்கள் உறைய வைக்கப்பட்டிருந்த அறையினுள் புகுந்து சிலவற்றை வெளியே எடுத்தார். கடுங்குளிர் அவர் கையைச் சுட்டது. கைநழுவி விழுந்த முளையங்கள் அழிந்தன. அவற்றுக்குரிய மூன்று தம்பதியரும், வயது வராதோரின் தவறான மரணத்துக்கு நட்டஈடு கோர இடமளிக்கும் 1872ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வழக்குத் தொடுத்தனர். கீழ் நீதிமன்றம் அக்கோரிக்கையை ஏற்கவில்லை. உச்ச நீதிமன்றம் ஏற்றது. உறைநிலையில் உள்ள முளையமும் அச்சட்டம் கூறும் ‘குழந்தை’யே என்பது அதன் முடிபு.

அத்தம்பதியரின் இழப்பை நாம் சிறிதும் குறைத்து மதிக்கவில்லை. காவலின்றிக் கிடந்த அறைக்குப் பொறுப்பானோர் பதில் கூறவே வேண்டும். ஆனால், கவனக்குறைவுக்குப் பரிகாரம் காண, அழிந்ததைக் குழந்தை என்றழைப்பது அவசியமா என்பதே வினா.

பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதியரசர் ஜே மிச்செல், 1872ஐ ஒட்டிய காலத்து அகராதியைப் புரட்டி, தாயின் வயிற்றிலுள்ள சிசுவையும் அச்சொல் குறித்தது எனக் காட்டுகிறார். அதுவரை நாமும் உடன்படலாம். ஆனால் அங்கிருந்து, பிறவாத குழந்தை எங்கே இருப்பினும் குழந்தையே என்னும் முடிபுக்கு அவர் தாவுகிறார். அகராதி சொன்னது வயிற்றிலிருக்கும் சிசுவை. அந்த வயிறு ஒரு பெண்ணுடையது. தீர்ப்போ ‘கருப்பைக்கு வெளியேயுள்ள குழந்தைகள்’ என்று எழுதுகிறது. உறைகலம் இருக்கும் அறையைச் சிசுக்களைப் பராமரிக்கும் அறை என்னும் பெயரால் குறிக்கிறது. இச்சொல்லாட்சியிலே குழந்தை எஞ்சுகிறது. சுமக்க வேண்டிய பெண் மறைந்துபோகிறாள். சோதனைக் குழாய் முறையால் முதற் குழந்தை பிறந்தது 1978 யூலை 25இல், இங்கிலாந்தில். அதற்கு 106 ஆண்டுகளுக்கு முன் சட்டம் இயற்றியோர் இத்தகைய பொருளொன்றை எண்ணியும் பார்த்திரார். மறுப்புரை எழுதிய நீதியரசர் கிரெக் குக், அச்சொல்லின் அக்காலப் பொருள் உறைநிலை முளையத்தைத் தழுவாது என்று கூறியது இதனாலேயே.

இத்தாவலுக்கு அகராதி மட்டும் காரணமன்று. பிறவாத உயிரின் புனிதத்தைப் பேணுவது அரசின் கொள்கை என 2018இல் அலபாமாவின் அரசியலமைப்புத் திருத்தப்பட்டது. கருக்கலைப்புக்கு இருந்த தேசிய அளவிலான அரசியலமைப்புப் பாதுகாப்பை 2022 யூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் நீக்கியது. பிரதம நீதியரசர் டொம் பார்க்கர் தமது தனியுரையில் விவிலியத்தையும் தேவகோபத்தையும் துணைக்கழைத்தார். சட்டவுரை என்னும் உருவத்தினுள் இருந்த உள்ளடக்கம் எதுவென்று இதன்பின் விளக்க வேண்டியதில்லை.

சிகிச்சையின் நடைமுறையை அறிந்தோர்க்கு இதன் விளைவு எளிதிற் புலப்படும். பெண்ணுக்கு நாள்தோறும் ஓமோன் ஊசி ஏற்றி, பல சூல்களை ஒருங்கே முதிரச் செய்து எடுக்கிறார்கள். அவை ஆய்வுகூடத்திற் கருக்கட்டப்படுகின்றன. ஐந்தாறு நாட்களில் சில வளரும். சில தாமே நின்றுவிடும். ஒன்றைக் கருப்பையில் வைத்து, எஞ்சியவற்றைத் திரவ நைதரசனில் −196 பாகை சதமளவில் காக்கிறார்கள். முதல் முயற்சி தவறினால் அப்பெண் மீண்டும் ஊசிக்கும் சத்திரசிகிச்சைக்கும் ஆளாகாதிருப்பதற்கே இந்தச் சேமிப்பு. உருக்கும்போது சில அழியும். கருப்பையில் வைத்தும் பல பற்றா. ஒவ்வொன்றும் குழந்தையெனின், வழக்கமான சிகிச்சையின் ஒவ்வொரு படியும் ஒரு மரண வழக்குக்கு வாயிலாகும்.

நிகழ்ந்ததும் அதுவே. தீர்ப்பு வந்து ஐந்தாம் நாளே பர்மிங்ஹாமிலுள்ள அலபாமாப் பல்கலைக்கழகம் கருக்கட்டலை நிறுத்தியது. சூல் எடுப்பதுவரை செய்வோம், அதற்கப்பால் இயலாது என்றது. வேறு நிலையங்களும் பின்தொடர்ந்தன. பல வாரம் ஊசி ஏற்றிக் காத்திருந்த பெண்கள் நடுவழியிற் கைவிடப்பட்டனர். வசதியுள்ளவர் வேறு மாநிலம் செல்லலாம். ஆனால் இச்சிகிச்சைக்கு ஒரு முறைக்கே பல ஆயிரம் டொலர் வேண்டும். காப்புறுதி அதனை ஏற்க வேண்டுமெனக் கட்டாயப்படுத்தும் சட்டமும் அம்மாநிலத்தில் இருக்கவில்லை. கடன்பட்டுச் சிகிச்சைக்கு வந்த ஆசிரியைக்கும் தொழிலாளிக்கும் பயணப்படும் வழி ஏது?

மக்களின் சினம் கண்டு அஞ்சிய மாநிலச் சட்டசபை விரைந்து ஒரு சட்டம் இயற்ற, மார்ச் 6ஆம் திகதி ஆளுநர் கே ஐவி அதில் ஒப்பமிட்டார். முளையத்துக்கு நேரும் சேதம் அல்லது மரணம் குறித்து, இச்சிகிச்சையை வழங்குவோர்மீதும் பெறுவோர்மீதும் வழக்குத் தொடர இயலாதென அது விதித்தது. நிலையங்கள் மீண்டும் திறந்தன. எனினும் முளையம் குழந்தையா என்னும் வினாவை அச்சட்டம் தொடவேயில்லை. தீர்ப்பு அதனைக் குழந்தை என்கிறது. சட்டமோ அதன் அழிவுக்குச் சிகிச்சையை வழங்குவோரும் பெறுவோரும் பொறுப்பில்லை என்கிறது. இனியொரு நிலையம் காவலின்றி விடப்பட்டு முளையங்கள் அழிந்தால், பாதிக்கப்படும் பெண்ணுக்கு எஞ்சும் பரிகாரம் என்ன? சொல்லைப் புனிதமாக்கியவர்கள் அவளுக்கிருந்த நியாயமான வழியையும் குறுக்கிவிட்டனர்.

இந்த இருளிலிருந்து வெளியேற வழியில்லை என்பதில்லை. அதே நாட்டில் ரெனசி மாநில உச்ச நீதிமன்றம், 1992இல் மணமுறிவு வழக்கொன்றை விசாரித்தபோது, முளையம் ஆளுமன்று, வெறும் உடைமையுமன்று; உயிராகக்கூடிய ஆற்றலால் தனி மதிப்புக்குரிய இடைநிலைப் பொருள் என்றது. அதற்குரியோர் எண்ணம் யாது என்று முதலில் கேட்டது. புதிய பொருளொன்று தோன்றியுள்ளது என ஒப்புக்கொண்டு, அதற்கேற்ற சொல்லைத் தேடிய நேர்மை அத்தீர்ப்பில் உண்டு. அலபாமாத் தீர்ப்பில் நாம் காணாதது அந்த நேர்மையே. முளையத்தைப் பற்றிப் பேசப்புகும் எந்தச் சட்டமும், அதனைச் சுமக்கப்போகும் பெண்ணிடம் முதலிற் கேட்டல் வேண்டும்.