முன்னால் வைக்கும் அந்த ஓரடி

ஸ்நாட்ச் முயற்சியில், அதாவது தரையில் கிடக்கும் பளுவை ஒரே வீச்சில் தலைக்கு மேல் ஏற்றி நிறுத்தும் தூக்கில், வீராங்கனை ஒருவர் பளுவைப் பிடித்தபின் நிலைதடுமாறி ஓரடி முன்னே வைத்தால், தோளில் பலம் போதவில்லை என்றோ நெஞ்சில் உறுதி இல்லை என்றோ அரங்கமே தீர்ப்பு எழுதிவிடுகிறது. மிகக் குறைந்த எடைப்பிரிவில் போட்டியிடும் ஒருவரைப் பற்றி, சில பருவங்களாகவே இந்தத் தீர்ப்பு சலிப்பின்றித் திரும்பச் சொல்லப்படுகிறது. அவர் யார் என்பது இந்த விளையாட்டைப் பின்தொடர்வோருக்குத் தெரியுமாதலால் பெயர் தேவையில்லை. அவருடைய தோளிலும் குறை இல்லை, துணிவிலும் குறை இல்லை. குறை அவர் அணிந்திருந்த காலணியின் குதிகால் உயரத்தில் இருந்தது என்பதும், அந்த உயரத்தைக் குறைத்துக்கொள்ள அவர் எடுத்த முடிவு அவருடைய வாழ்நாளின் மிகச் சிறந்த முடிவாக அமையக்கூடும் என்பதும் இப்பத்தியின் உறுதியான கருத்து.

பளுதூக்கும் காலணியின் ஹீல் உயரம் என்பது, குதிகாலின் கீழுள்ள அடித்தடிமனுக்கும் முன்பாதத்தின் கீழுள்ள தடிமனுக்கும் இடையிலான வேறுபாடு. சந்தையில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை 15 முதல் 22 மில்லிமீட்டருக்குள் அடங்குகின்றன. அவற்றுள்ளும் 20 மில்லிமீட்டரை ஒட்டியவையே அதிகம். ஆழமாக உட்கார்ந்து பளுவைத் தாங்கும்போது முழங்கால் பாதத்தைக் கடந்து முன்னே போக வேண்டும். அதற்குக் கணுக்கால் மடங்கிக்கொடுக்க வேண்டும். கெண்டைக்கால் தசை இறுகியிருந்தாலோ கணுக்கால் எலும்புகளின் அமைப்பே தடுத்தாலோ அந்த மடக்கம் பாதியில் நின்று, உடல் முன்னால் சாய்ந்துவிடுகிறது. உயர்ந்த ஹீல் பாதத்தை ஒரு சரிவில் நிறுத்தி அந்தப் பற்றாக்குறையை ஈடுசெய்வதால், தொடை எலும்பு நீண்டவர்களும் கணுக்கால் இறுகியவர்களும் நிமிர்ந்த முதுகோடு உட்கார முடிகிறது. இதை ஊன்றுகோல் என்று இகழ்ந்து, தட்டையான காலணியே வீரம் என்று பேசுவோரின் வாதத்துக்கு மதிப்பளிக்கத் தேவையில்லை.

ஆனால் இதே கணக்கில்தான் பலரும் தவறவிடும் ஒரு நுட்பம் இருக்கிறது. உடலுக்குப் பயன்படுவது மில்லிமீட்டர் அன்று, சரிவு. குதிகாலிலிருந்து கட்டைவிரலின் அடிமூட்டு வரை ஏறத்தாழ 18 சென்டிமீட்டர் உள்ள பாதத்தின் கீழ் 20 மில்லிமீட்டர் ஹீலை வைத்தால் கிடைக்கும் சரிவு 6 பாகைக்குச் சற்று மேல். அந்தத் தொலைவு 15 சென்டிமீட்டரே உள்ள சிறிய பாதத்தின் கீழ் அதே ஹீலை வைத்தால் சரிவு ஏழரைப் பாகையைத் தாண்டிவிடுகிறது. அந்தச் சிறிய பாதத்துக்கு 15 மில்லிமீட்டர் ஹீலே ஏறத்தாழ 5.7 பாகையைத் தந்துவிடும் என்பதால், ஹீலைக் குறைத்துக்கொண்ட வீராங்கனை தட்டைக் காலணிக் கட்சிக்குத் தாவிவிட்டார் என்று சொல்வது பொருந்தாது. பெரிய பாதமுள்ள ஆடவர் நெடுநாளாக அனுபவித்துவரும் சரிவுக்கு அருகில்தான் அவர் இப்போது வந்து சேர்ந்திருக்கிறார்.

முன்பு என்ன நேர்ந்தது என்பதை அறிய, அவருடைய பழைய காணொளிகளில் கைகளை மறந்துவிட்டுக் காலணிகளை மட்டும் பார்க்க வேண்டும். தரையிலிருந்து பார், அதாவது பளு மாட்டிய கம்பி, கிளம்பும்போதே உடல் எடை முன்பாதத்துக்கு நகர்கிறது. முழங்கால் மூட்டை விரைந்து நீட்டி அவர் இடுப்பை உயர்த்திவிடுகிறார். தொடையை உரசிக்கொண்டு ஏறவேண்டிய பார் விலகி முன்னே வளைகிறது. அந்தப் பாரைத் துரத்திக்கொண்டுதான் அவர் குதிக்கிறார் என்பதற்குச் சான்று தரையிலேயே இருக்கிறது: தொடங்கிய இடத்தைவிட நான்கு விரற்கடை முன்னே அவருடைய காலணிகள் இறங்குகின்றன. அப்படி இறங்கியவருக்கு, எழும் முன் இன்னும் ஓரடி தேவைப்படுவதில் வியப்பில்லை. அவருடைய தொடை குறுகியது. கணுக்கால் நன்றாக மடங்குவது. அவருக்குத் தேவைப்படாத சரிவை, நீண்ட தொடையுள்ள வெற்றியாளர்கள் அணிகிறார்கள் என்பதற்காகவே அவர் காலில் மாட்டிவிட்டிருந்தார்கள். நாட்டின் எந்தப் பளுதூக்கும் கூடத்திலும், முதல் காலணி வாங்கவரும் சிறுமியிடம் முதலில் பார்க்கவேண்டியது சுவரோரச் சோதனையை: பாதத்தைச் சுவரிலிருந்து ஏறத்தாழ அரைச் சாண் தள்ளி வைத்து, குதிகால் எழாமல் முழங்காலால் சுவரைத் தொட முடிகிறதா என்பதைத்தான். முடிந்தால் உயர்ந்த ஹீலுக்கு அவசரமில்லை.

இப்போது அவர் தோற்பது வேறு விதம். பளு பின்னால் விழுகிறது. உடனே நிலைமை மோசமாகிவிட்டது என்ற கூக்குரல் எழுந்திருக்கிறது. உண்மையில், முன்னால் ஓடும் பாரைப் பிடிக்கப் பழகிய தோள்களும் தலையும் பழைய பழக்கத்திலேயே பின்னுக்கு இழுக்கின்றன. பாரோ இப்போது உடலை ஒட்டியே ஏறிவருகிறது. இரண்டும் சேர்வதால் பளு தலையைத் தாண்டிப் போய்விடுகிறது. இழுப்பு திருந்திவிட்டது, பிடிப்பு இன்னும் திருந்தவில்லை என்பதே பின்னால் விழும் பளு சொல்லும் செய்தி. இந்த நேரத்தில் அவரைப் பழைய காலணிக்குத் திரும்பச் சொல்வது பெருந்தவறு.

வசதி என்ற சொல்லைச் சுற்றியும் ஒரு குழப்பம் நிலவுகிறது. ஓட்டக் காலணியின் மெத்தென்ற அடிப்பகுதி அதிர்ச்சியை உள்வாங்குவதற்காகச் செய்யப்பட்டது. பளுவின் கீழ் அது நசுங்கி, ஒரு பக்கம் கூடுதலாகவும் மறுபக்கம் குறைவாகவும் சாய்வதால், கணுக்கால் ஒவ்வொரு நொடியும் தன்னைச் சரிசெய்துகொள்ள வேண்டியிருக்கிறது. முன்பு மரத்தாலும் அடுக்கிய தோலாலும், இன்று கெட்டியான பிளாஸ்டிக் வகைகளாலும் பளுதூக்கும் காலணியின் ஹீல் செய்யப்படுவதற்குக் காரணம், அது அமுங்கக் கூடாது என்பதே. பளுதூக்குவோருக்கு வசதி என்பது பாதம் உள்ளே அசையாதிருத்தல். விரல்கள் மடங்காமல் விரிந்திருக்க வேண்டும். குதிகால் எழும்பக் கூடாது. ஜெர்க்கில், அதாவது தோளில் தாங்கிய பளுவை ஒரு கால் முன்னும் ஒரு கால் பின்னுமாகப் பிரித்துத் தலைக்கு மேல் ஏற்றும் பகுதியில், பின்காலின் விரல்கள் வளையும் அளவுக்கு முன்பாதப் பகுதி மட்டும் நெகிழ வேண்டும். இந்த வீராங்கனை முயற்சிக்கு முன் குனிந்து பாதத்தின் குறுக்கே ஓடும் பட்டையை இறுக்குவதும், மேடையிலிருந்து இறங்கியதும் முதல் வேலையாக அதைத் தளர்த்துவதும் கவனிக்கத்தக்கவை. இடைவேளையிலும் இறுக்கியே வைத்திருந்தால் பாதம் மரத்துப்போகும் என்பதை அறிந்தவரின் செயல் அது.

விதிகளில் இதற்குத் தடை ஏதுமில்லை. சர்வதேசப் பளுதூக்கும் கூட்டமைப்பு காலணியின் மேற்பகுதி 130 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது என்று வரையறுக்கிறது. அடித்தடிமனுக்கு வரம்பு வைக்கவில்லை. 1972 மியூனிக் ஒலிம்பிக்குக்குப் பின் பிரஸ் என்னும் மூன்றாவது தூக்கு நீக்கப்பட்டதோடு காலணியின் வேலை பெரும்பாலும் ஆழமாக உட்காருவதற்கானதாக மாறியது; 2000 சிட்னி ஒலிம்பிக்கில் பெண்களுக்கு இடம் கிடைத்தது. ஆயினும் பெண்களின் சிறிய அளவுகளுக்கும் ஆடவரின் பெரிய அளவுகளுக்கும் ஒரே ஹீல் உயரம் போதுமென்று கருதும் போக்கு இன்னும் மறையவில்லை என்பது வருத்தத்துக்குரியது.

இனி நடக்கப்போவதைப் பற்றி இப்பத்தி துணிந்தே சில கணிப்புகளை முன்வைக்கிறது. முன்னேற்றம் முதலில் தெரியப்போவது ஸ்நாட்ச்சில் அன்று, ஜெர்க்கில். அதில் பளுவை உந்துமுன் முழங்காலைச் சற்றே மடக்கி இறங்கும் அசைவு குறுகியது என்பதாலும், அந்நேரத்தில் எடை முன்பாதத்துக்குப் போகாதிருப்பதே வெற்றியைத் தீர்மானிக்கும் என்பதாலும், குறைந்த சரிவின் பயன் அங்கு உடனே கிடைக்கும். ஸ்நாட்ச்சில் பின்னால் விழும் தோல்விகள் இன்னும் சில போட்டிகளில் தொடரும். 2028 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் ஆடவருக்கும் பெண்களுக்கும் தலா ஆறு எடைப்பிரிவுகளே இருக்கும் என்பதால், இடத்துக்கான போட்டி ஒரு கிலோ வித்தியாசத்தில் முடிவாகும் நிலை வரும். அதற்குள் சிறிய அளவுகளுக்கு ஹீல் உயரத்தைக் குறைத்துத் தருவதைக் காலணி நிறுவனங்கள் விளம்பரமாகவே சொல்லத் தொடங்கும். இந்த வீராங்கனையின் முதல் இரண்டு முயற்சிகளில் முன்னால் வைக்கும் அடி அதற்கு முன்பே நின்றுவிடும். அதிகபட்ச எடையைக் கேட்கும் மூன்றாவது முயற்சியில் மட்டும் அது சில காலம் எட்டிப்பார்க்கும்.