இருளில் கண்ட இசை

நியூயார்க்கின் ஜாஸ் அரங்குகளைப் படம்பிடித்த ராய் டிகராவா (1919–2009) 'பிளாஷ்' விளக்கை நாடாதவர். மேடையில் கிடைத்த சிற்றொளியே அவருக்குப் போதுமானதாயிற்று. மங்கிய ஒளியில் கேமராவின் கண் சற்று நீண்டநேரம் திறந்திருத்தல் வேண்டும். அதற்குள் கலைஞன் அசைந்தால் உருவம் கலங்கும். இதனைக் குறையென்பார் உளர். அவர்தம் நூலின் தலைப்போ 'நான் கண்ட ஒலி' எனப் பொருள்படுவது. ஒலி நில்லாது நிகழ்வது; அதன் சுவடே அக்கலக்கம். ஆயினும், கலக்கம் யாவும் கலையாகிவிடா. சாக்சஃபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனை அவர் எடுத்த படங்களில், வாசிப்பின் வேகம் கலக்கமாகப் பதிந்துள்ளது. கவனக்குறைவால் கை நடுங்கிய படத்துக்கு அப்பெருமை இல்லை. 1960களின் தொடக்கத்தில் உருவான அந்நூல் 2001இல்தான் அச்சேறியது. மாணவர்கள் அதனைத் தேடிக் காண்பார்களாக.