தோட்டப் புனைவில் பெண்ணின் முறையீடு: கேமரன் மலையிலிருந்து பல்கலைக்கழக வளாகம் வரை

முன்னுரை

மலேசியத் தமிழ் இலக்கியம் கற்பிப்போர் எவரும் தோட்டத்தைத் தவிர்த்துவிட்டுப் பாடம் நடத்த இயலாது. எனினும் தோட்டம் என்று நாம் சொல்லும்போது பெரும்பாலும் ரப்பர்த் தோட்டமே நினைவுக்கு வருகிறது. பகாங் மாநிலத்தின் கேமரன் மலையில் 1929ஆம் ஆண்டு தொடங்கி உருவான தேயிலைத் தோட்டங்கள் நம் திறனாய்வில் மிகக் குறைந்த இடத்தையே பெற்றுள்ளன. அங்குக் கூடை சுமந்து நிற்கும் பெண்ணின் உருவம் சுற்றுலாப் படங்களிலும் தேயிலைப் பொட்டலங்களிலும் நிலைத்துவிட்டது. படத்தில் அவள் சிரிக்கிறாள். அவளுக்கு ஒரு குறை இருந்தால் அதை யாரிடம் சொல்வாள் என்னும் கேள்வியை அப்படம் எழுப்புவதில்லை.

பெண்ணுக்கு நேரும் பாலியல் கொடுமையைத் தமிழ்த் தோட்டப் புனைவு மிகுதியாகவே பதிவுசெய்துள்ளது. ஆயின் முறையிடுபவளாக அப்பெண்ணைக் காட்டியது அரிது. இக்கட்டுரை அவ்விடைவெளியை ஆராய்கிறது. அதே இடைவெளி இன்று பல்கலைக்கழக வளாகங்களிலும் நீடிக்கிறது என்பதால் இவ்வாய்வு இலக்கிய எல்லையைச் சற்றுக் கடந்து செல்கிறது.

அளப்பவரின் அதிகாரம்

தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவள் நாள்தோறும் மூன்று இடங்களில் பிறர் முடிவுக்குக் கட்டுப்படுகிறாள். காலைப் பெரட்டில் அவளுடைய பெயர் பதியப்பட வேண்டும். பறிப்பதற்கு எந்த நிரை என்பதை மேற்பார்வையாளர் சொல்ல வேண்டும். பறித்த கொழுந்தைத் தராசில் நிறுத்து, ஈரத்துக்கும் கழிவுக்கும் எவ்வளவு தள்ளுவது என்பதை ஒருவர் முடிவுசெய்ய வேண்டும். இம்மூன்றும் ஒருவர் கையிலோ, ஒருவருக்கொருவர் வேண்டியவர்கள் கையிலோ இருக்கும். குடியிருக்கும் லயமும் வேலையோடு சேர்ந்தது. வேலை போனால் வீடும் போகும். பிள்ளையின் பள்ளியும் போகும்.

பாலியல் கொடுமைக்கு இத்தகைய அமைப்பே வளமான நிலமாகிறது. இது பழங்கதையன்று. 2023ஆம் ஆண்டு பிபிசி வெளியிட்ட புலனாய்வில், கென்யாவில் பிரித்தானிய நிறுவனங்கள் நடத்திய தேயிலைத் தோட்டங்களைச் சேர்ந்த எழுபதுக்கும் மேற்பட்ட பெண்கள் தம் மேலாளர்களால் பாலியல் கொடுமைக்கு ஆளானதாகக் கூறினர். வேலை தரும் அதிகாரமே அங்கும் கருவியாயிற்று. மொழியும் நாடும் நூற்றாண்டும் வேறாயினும் தராசைப் பிடிப்பவரின் அதிகாரம் மாறவில்லை.

புனைவில் பாதிக்கப்பட்டவள்

தேயிலைத் தோட்டப் பெண்ணின் துயரைத் தமிழ்ச் சிறுகதைக்குள் அழுத்தமாகக் கொண்டுவந்தவர் புதுமைப்பித்தன். அவருடைய 'துன்பக்கேணி' நெல்லைச் சீமையிலிருந்து இலங்கைத் தோட்டத்துக்குச் செல்லும் மருதியின் வாழ்வைச் சொல்கிறது. தோட்ட அதிகாரியின் இச்சைக்கு இரையாகி நோயையும் சுமக்கும் அவளைப் படைத்ததில் ஆசிரியரின் சீற்றம் வெளிப்படை. ஆயினும் மருதிக்கு நேர்ந்ததைக் கேட்டு விசாரிக்கும் இடம் எதுவும் அக்கதையுலகில் இல்லை. வாசகன் ஒருவனே அவளுக்கு வாய்த்த நீதிமன்றம்.

பி. எச். டேனியல் ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களில் மருத்துவராகப் பணியாற்றியவர். தொழிலாளருக்காகச் சங்கம் கட்டியவர். 1969இல் அவர் ஆங்கிலத்தில் எழுதிய நாவல், இரா. முருகவேளின் மொழிபெயர்ப்பில் 'எரியும் பனிக்காடு' என்று தமிழுக்கு வந்தது. 2013இல் வெளிவந்த பாலாவின் 'பரதேசி' திரைப்படத்துக்கும் அதுவே அடிப்படை. துரைமாரின் இச்சைக்குப் பெண்கள் அஞ்சி வாழ்ந்த நிலையை அந்நாவல் மறைக்காமல் காட்டுகிறது. கொடுமையின் பொறிமுறையை அறிந்தவர் எழுதிய நூல் என்பதால் அதன் சான்று மதிப்பு உயர்ந்தது.

இவ்விரு படைப்புகளையும் நாம் வகுப்பில் கற்பிக்கும் முறையே இங்குத் திறனாய்வுக்குரியது. தேர்வு வினாக்கள் 'பெண்ணின் அவலம்', 'கற்புக்கு நேர்ந்த இடர்', 'கூலிகளின் கண்ணீர்' என்னும் சொற்களைச் சுற்றியே அமைகின்றன. மாணவர் விடைகளில் பாத்திரம் 'களங்கப்படுகிறது', 'கெட்டுப்போகிறது', 'மானம் இழக்கிறது'. இச்சொற்கள் அனைத்திலும் எழுவாய் பெண்ணே. செய்தவன் வாக்கியத்திலிருந்தே காணாமற் போகிறான். குற்றம் புரிந்தவனை விட்டுவிட்டுப் பாதிக்கப்பட்டவள்மீது பழியை ஏற்றும் இலக்கணத்தை, இலக்கியப் பாடம் என்ற பெயரில் நாமே பயிற்றுவிக்கிறோம் எனலாம்.

1941ஆம் ஆண்டுக் கோரிக்கைப் பட்டியல்

தோட்டத் தொழிலாளர் உண்மையில் வாய்திறக்காதவர்களா என்று வினவினால் வரலாறு வேறு விடை தருகிறது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர். எச். நாதன் முதலியோர் முன்னின்ற வேலைநிறுத்தம் பரவியது. தொழிலாளர் முன்வைத்த கோரிக்கைகளில் ஊதிய உயர்வு, பிள்ளைகளின் கல்வி, மருத்துவ வசதி, கள்ளுக்கடை மூடல், வெள்ளை அதிகாரிகளைக் கண்டதும் மிதிவண்டியிலிருந்து இறங்க வேண்டிய இழிவை நீக்குதல் ஆகியவை இடம்பெற்றன. அவற்றோடு, வெள்ளையர்களும் அவர்களுக்குக் கீழிருந்த ஆசிய அதிகாரிகளும் தொழிலாளர் குடும்பப் பெண்களிடம் தகாத முறையில் நடப்பதை நிறுத்த வேண்டும் என்பதும் தெளிவாகக் கேட்கப்பட்டது.

அப்பட்டியலில் மற்றொரு கோரிக்கையும் உண்டு: குறைகளை எடுத்துரைப்போர் பழிவாங்கப்படலாகாது என்பது அது. இவ்விரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும். புகார் செய்யும் உரிமையும், புகாருக்குப் பின் வேலையில் நிலைக்கும் உரிமையும் ஒன்றையொன்று தாங்குபவை என்பதைப் பள்ளிப் படிப்புக் குறைந்த அம்மக்கள் அறிந்திருந்தனர். காலனி அரசு நாதனைக் கைது செய்து நாடு கடத்தியது, துருப்புகளை இறக்கியது, உயிர்கள் பலியாயின. கோரிக்கை தோற்றது, அதன் அறிவு தோற்கவில்லை.

நம் இலக்கிய வரலாற்று நூல்கள் அவ்வாண்டைத் தேசிய எழுச்சியின் பகுதியாக மட்டும் குறிப்பிட்டுக் கடப்பது வழக்கம். தோட்டப் பெண்ணின் உடல் ஒரு கோரிக்கை வாக்கியத்தின் பொருளாக எழுதப்பட்ட ஆவணம் என்ற வகையிலும் அது நம் பாடத்திட்டத்தில் இடம்பெறத் தக்கது.

சட்டமும் வளாகமும்

மலேசியாவில் இத்துறையில் நிகழ்ந்த முன்னேற்றம் குறிப்பிடத்தக்கது. 1999இல் பணியிடங்களுக்கான நடத்தை நெறி வெளியிடப்பட்டது. 2012இல் வேலைச் சட்டத்தில் பாலியல் தொல்லை பற்றிய பகுதி சேர்க்கப்பட்டது. 2016இல் கூட்டரசு நீதிமன்றம் பாலியல் தொல்லையை இழப்பீடு கோரத்தக்க தனியொரு குடிமைத் தவறாக ஏற்றது. 2022ஆம் ஆண்டின் பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டத்தின்படி அமைந்த நடுவர் மன்றம் 2024 மார்ச்சில் செயற்படத் தொடங்கியது. அம்மன்றம் 250,000 ரிங்கிட் வரை இழப்பீடு வழங்கலாம். விசாரணை தொடங்கிய 60 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். வேலைச் சட்டம் ஊழியரைக் காப்பது, மாணவர் ஊழியரல்லர். ஆகவே மாணவருக்கு 2022ஆம் ஆண்டுச் சட்டம் திறந்துவைத்த வாயில் மிக முக்கியமானது.

எனினும் பெண்கள் அமைப்புகள் அச்சட்டத்தில் சுட்டிக்காட்டிய குறைகளில் தலையாயது, புகார் செய்தவரைப் பழிவாங்குதலுக்கு எதிரான தெளிவான பாதுகாப்பு அதில் இல்லை என்பதே. நிறுவனங்கள்மீது தடுக்கும் கடமையை அது போதிய அளவு சுமத்தவில்லை என்பது மற்றொரு குறை. 1941இல் கிள்ளான் தொழிலாளர் இணைத்துக் கேட்ட இரண்டில் ஒன்று எண்பத்தோராண்டுகளுக்குப் பின்னரும் சட்டத்தில் முழுமை பெறவில்லை.

பழிவாங்கல் எப்போதும் வெளிப்படையாக வருவதில்லை. 2024 டிசம்பரில் சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் மாணவி ஒருவர் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார். அவர் துணிந்து புகார் செய்தார். அவருடைய விவரங்களைக் கொண்ட முதல் தகவல் அறிக்கை வெளியே கசிந்தது. சென்னை உயர்நீதிமன்றம் தலையிட்டுப் பெண் அதிகாரிகளைக் கொண்ட சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்தது. மாணவிக்கு 25 இலட்சம் ரூபாய் வழங்கவும் ஆணையிட்டது. குற்றவாளிக்கு 2025 ஜூனில் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. தண்டனை கிடைத்தது பெரிது. ஆனால் அம்மாணவி புகாருக்காக இரண்டாம் முறை துன்புற்றார் என்பதும் உண்மை. மறைகாப்பு இல்லாத புகார் முறை அடுத்த பெண்ணின் வாயை அடைத்துவிடும்.

துறை என்னும் சிறு தோட்டம்

கல்வி கற்றோர் நிறைந்த வளாகத்தைத் தோட்டத்தோடு ஒப்பிடுவது மிகை என்று சிலர் கூறலாம். ஒப்புமை கல்வியைப் பற்றியதன்று; அளக்கும் அதிகாரத்தைப் பற்றியது. இந்திய ஆய்வியல் துறைகளும் தமிழ்த் துறைகளும் அளவில் சிறியவை. பாடம் நடத்துபவரே ஆய்வு நெறியாளர், அவரே தேர்வாளர், பரிந்துரைக் கடிதம் தருபவரும் அவரே. பட்டம் பெற்ற பின்னும் கருத்தரங்கிலும் பாடநூற் குழுவிலும் ஆசிரியர் பணி நேர்காணலிலும் அவரையே சந்திக்க நேரும். இத்தகைய சிறு உலகில் புகார்களைத் துறைத்தலைவரே பெறுவார் என்னும் ஏற்பாடு, கொழுந்தை நிறுப்பவரிடமே தராசைப் பற்றி முறையிடச் சொல்வதற்கு ஒப்பாகும்.

கேமரன் மலை இங்கு மீண்டும் நம் ஆய்வுக்குள் வருகிறது. தோட்டத்து நாட்டார் வழக்காறுகளைத் தொகுக்கவும் தமிழ்ப்பள்ளிகளில் கற்பித்தல் பயிற்சி பெறவும் மாணவியர் இத்தகைய மலைத்தோட்டங்களுக்குச் செல்லும்போது தங்குமிடம், போக்குவரத்து, தகவல் அனைத்துக்கும் தோட்ட அலுவலகத்தையோ உள்ளூர் வழிகாட்டியையோ சார்ந்து நிற்பர். அங்கு அவர்கள் வளாகத்தின் உறுப்பினர்களாகவே இருக்கின்றனர்; வளாகத்தின் பாதுகாப்பும் அவர்களோடு மலையேற வேண்டும். இருவராகச் செல்லுதல், துறைக்கு வெளியிலுள்ள ஓர் அலுவலரின் தொலைபேசி எண்ணை முன்னரே தருதல், இடையில் திரும்ப நேர்ந்தால் மதிப்பெண் குறையாது என்று எழுத்தில் உறுதியளித்தல் ஆகிய மூன்றும் பெரும் செலவு கோருபவையல்ல.

மாணவி நேர்காணும் தொழிலாளிப் பெண் தன் துன்பத்தை அவளிடம் சொல்லவும் கூடும். இன்று கொழுந்து வெட்டுவோரில் பலர் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா ஆகிய நாடுகளிலிருந்து வந்தவர்கள். பாலியல் தொல்லை பற்றிய அறிவிப்பைப் பணியிடத்தில் காட்சிக்கு வைக்க வேண்டும் என்று 2023 முதல் வேலைச் சட்டம் கோருகிறது. படிப்போருக்குப் புரியாத மொழியில் தொங்கும் அறிவிப்பு சுவருக்கே பயன்படும். கேட்டதை ஆய்வேட்டின் பின்னிணைப்பில் சேர்ப்பதோடு ஆய்வாளரின் கடமை முடிந்துவிடாது. எங்கு முறையிடலாம் என்பதைச் சொல்லத் தெரிந்திருப்பதும், அவள் விரும்பாதவரை அவள் பெயரை எவரிடமும் சொல்லாதிருப்பதும் கள ஆய்வு நெறியின் பகுதிகளே.

பொய்ப் புகார் பற்றிய அச்சமும் எழுப்பப்படுவதுண்டு. முறையான விசாரணை குற்றஞ்சாட்டப்பட்டவருக்கும் அரணாகும். இரு தரப்பையும் கேட்டு, காரணங்களை எழுதி, குறித்த நாளுக்குள் முடிவு தரும் குழு இல்லாத இடத்தில் வதந்தியே நீதிபதியாகிறது. வதந்தி குற்றவாளியையும் தண்டிப்பதில்லை, குற்றமற்றவரையும் விடுவிப்பதில்லை.

முடிவுரை

தோட்டப் புனைவு நமக்குப் பெண்ணின் கண்ணீரைத் தந்தது. 1941ஆம் ஆண்டுக் கோரிக்கைப் பட்டியல் அவளுக்காக எழுந்த முறையீட்டைத் தந்தது. முன்னதைக் கற்பித்துப் பின்னதை விட்டுவிட்டதால் நம் மாணவர் இரக்கப்படக் கற்றனர், முறையிடக் கற்கவில்லை. 'துன்பக்கேணி'யைக் கற்பிக்கும் ஆசிரியர் இனி மேலும் ஒரு வினாவைக் கேட்கலாம்: மருதி முறையிட்டிருந்தால் யார் கேட்டிருக்க வேண்டும்? அவ்வினாவுக்கு விடை எழுதும் மாணவி தன் துறையிலும் அப்படி ஒருவர் இருக்கிறாரா என்று தேடுவாள். அவளுக்குக் காட்டத் துறைக்கு வெளியே ஒரு கதவும், அதைத் தட்டியவரைக் காக்கும் ஒரு விதியும் இருக்க வேண்டும். அவற்றை ஏற்படுத்தும் பொறுப்பு தராசைக் கையில் வைத்திருக்கும் நம்முடையது.