காற்றாலைக் கணக்கும் கல்லூரிப் பாடமும்

ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே வீசும் காற்றை நம்பியே முப்பந்தல் காற்றாலைகள் அமைந்துள்ளன. காற்றின் திறன் அதன் வேகத்தின் மும்மடிக்கு நேர்த்தகவில் இருக்கும் என்பது இயற்பியல் தரும் கணித மாதிரி. இதில் சராசரி வேகத்தை மட்டும் இட்டு முடிக்கும் பாடம் குறையுடையது. பாதி நேரம் வினாடிக்கு 4 மீட்டர், மீதி நேரம் 12 மீட்டர் வேகத்தில் காற்று வீசினால் சராசரி வேகம் 8; அதன் மும்மடி 8×8×8 = 512. ஆனால், இரு வேகங்களின் மும்மடிகளுக்குச் சராசரி 896. அதாவது 75% கூடுதல். மேலும், குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் காற்றாலையின் உற்பத்தி உயர்வதில்லை. இதை அந்தச் சூத்திரம் காட்டாது. மணிக்கு மணி அளந்த வேகங்களைக் கொடுத்துக் கணக்கிடச் செய்தால், மாணவர்கள் சூத்திரத்தோடு அதன் எல்லையையும் அறிவார்கள்.